துண்டு கட்டிய சுவிட்ச்

போன வாரம் எங்கள் டீமில் புதிதாகச் சேர்ந்த பெண் எழுதிய ப்ரோகிராம் டெஸ்ட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நெட்வொர்க் முகவரி வரவேண்டிய இடத்தில் ஏதோ ஒரு நம்பரைப் போட்டிருந்தாள். "கூப்ட்டுப் பாத்துட்டேன்க்கா, பதிலே வர்ல. காலியாதான் இருக்கு" என்றாள். எனக்கு ஈரத்தோல் வாடை குப்பென்று அடித்தது. உட்கார்ந்திருந்தது காட்பாடியில், ஏசி ரூமில். இருந்தும் அடித்தது, சிரிக்காதீர்கள்.

என் முதல் வேலை ஆம்பூரில், தோல் பதனிடும் ஒரு டேனரியின் கம்ப்யூட்டர் ரூமில். ரூம் என்பது மரியாதைக்குச் சொல்வது. கெமிக்கல் மூட்டைகளுக்கு மேலே தகரம் போட்ட மாடி. முதல் நாள் வாடைக்கு மூக்கைப் பொத்திக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். அப்புறம் அதே வாடையில் பிரியாணி சாப்பிட்டேன்.

ஜன்னலுக்குக் கீழே தோல் பதனிடும் டிரம்கள், ஆளை விழுங்கும் மரப் பீப்பாய்கள். என் அண்ணன் அங்கேதான். தோலை வாரி எடுக்க டிரம்முக்குள் இறங்கவேண்டும். இறங்குமுன் சுவரில், பக்கத்து டிரம்முக்கும் சேர்ந்த மெயினை அணைப்பான்; டிரம்மின் சுவிட்சில் தன் துண்டைக் கட்டுவான். துண்டு இருந்தால் உள்ளே ஆள் இருக்கிறது என்று அர்த்தம். முதலாளியே வந்தாலும் அந்தச் சுவிட்சில் கைவைக்க மாட்டார்.

அந்த வருஷம்தான், சுவிட்சைத் தொடாமல் மாடியிலிருந்தே டிரம்மை ஓட்டும் பெட்டிகளை மாட்டினார்கள். பெட்டிக்கு ஒரு முகவரி. ப்ரோகிராம் எழுதியவர் எங்கள் ரூமுக்குப் பெரியவரான ஷஃபி பாய். கண்டிப்பு ஜாஸ்தி, தப்பு கம்மி. பதில் வராவிட்டால் ப்ரோகிராம் திரும்பத் திரும்ப ஸ்டார்ட் அனுப்புகிறதா என்று சோதிக்க அவருக்கு எந்தப் பெட்டிக்கும் கொடுக்காத ஒரு காலி முகவரி தேவைப்பட்டது. ஒவ்வொன்றாகக் கூப்பிட்டுப் பார்த்து, பதில் வராத ஒன்றைப் பிடித்தார்.

திரையில் வரிசையாக விழுந்தது: பதில் இல்லை, பதில் இல்லை. நான் சோம்பல் முறித்தபடி ஜன்னல் வழியே பார்த்தேன். கடைசி டிரம்மின் சுவிட்சில் அண்ணனுடைய பச்சைத் துண்டு.

"பாய், மெயின் ஆஃப் பண்ணா பெட்டி பதில் சொல்லுமா?"

"எப்படிமா சொல்லும்? கரண்ட்டே..." பாய் பாதியில் நிறுத்தினார். காலி என்று அவர் பிடித்த முகவரி அண்ணனுடைய டிரம்மின் பெட்டியாக இருக்கலாம்.

கீழே எலக்ட்ரீஷியன் பக்கத்து டிரம்முக்காக மெயினைப் போடக் கை தூக்கினான். துண்டு கட்டிய சுவிட்சைத்தான் தொடவில்லையே என்று நினைத்திருப்பான், பாவம். நான் கத்தியது டேனரி இரைச்சலில் போன இடம் தெரியவில்லை. திரையில் பதில் வந்துவிட்டது. பாய் நெட்வொர்க் ஒயரைப் பிடித்து ஒரே இழுப்பாக இழுத்தார்.

டிரம் கால் சுற்று சுற்றி, தொடர்பு அறுந்ததும் நின்றது. உள்ளேயிருந்து சத்தமே இல்லை. அந்த நேரத்தில் நான் வேண்டாத சாமி இல்லை.

நான் கீழே ஓடியபோது அண்ணனின் தலை தெரிந்தது, நெற்றியில் ரத்தம். "எவன்டா அமுக்கனது?"

எலக்ட்ரீஷியன் துண்டைக் காட்டினான். "தொடவே இல்லண்ணா. கட்னது கட்னபடியே இருக்குது, பாரு."

நான் மூட்டைமேல் உட்கார்ந்து அழுதேன். பாய் கீழே வந்து அண்ணன் கையைப் பிடித்துக்கொண்டார். அதன்பின் அவர் டெஸ்ட்டில் 192.0.2-இல் தொடங்கும் நம்பர் மட்டும்தான். உதாரணம் காட்டுவதற்கென்றே ஒதுக்கியது. எந்த மெஷினுக்கும் கொடுக்க மாட்டார்கள். அந்தப் பெண்ணையும் அதையே போடச் சொன்னேன்.

அண்ணன் இப்போது ஆட்டோ ஓட்டுகிறான். போன மாதம் என்னோடு அந்த டேனரிக்கு வந்தான். மர டிரம்கள் போய் ஸ்டீல் வந்துவிட்டது. சுவிட்சும் இல்லை, எல்லாம் மேலேயிருந்துதான். டிரம்மைச் சுற்றிச் சுற்றி வந்தவன் தோளிலிருந்த துண்டைக் கையில் எடுத்துக்கொண்டு நின்றான்.

"இன்னா பாப்பா, இத எங்க கட்றது?"