எவாரிஸ்தோ வாத்தியாரும் நின்று நின்று போன வீட்டு வண்டியும்

எவாரிஸ்தோ வாத்தியாரின் வீட்டு வண்டி மறுபடியும் நின்றபோது வெயில் மண்டையைப் பிளக்க ஆரம்பித்திருந்தது. சாலைக்கு இரண்டு பக்கமும் சதுப்பு, சதுப்பில் மாடுகள். கொருசூ குவாத்தியாவுக்கு இன்னும் பாதி தூரம் கிடந்தது. அங்கே பேத்தி லுத்மிலாவுக்குப் பதினைந்தாவது பிறந்தநாள் விருந்து. மதியச் சாப்பாட்டுக்கு முன்னால் வால்ட்ஸ் ஆட்டம். முதல் சுற்றை அவள் அப்பாவோடு ஆட வேண்டும். அப்பா ஓமர், வாத்தியாரின் ஒரே மகன், மூன்று வருஷத்துக்கு முன்னால் இதே சாலையில் விபத்தில் போய்ச் சேர்ந்துவிட்டான். அதனால் முதல் சுற்று தாத்தாவுக்கு. அவளே போன் பண்ணிக் கேட்டாள். அன்றிலிருந்து வாத்தியார் சமையலறை நாற்காலியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு ஆடிப் பழகினார். ஒரு நாற்காலிக்குக் கால் போயிற்று.

"பஸ்ஸுல போயிருக்கலாம்" என்றாள் மனைவி நில்டா. தெரெரே என்கிற இலைப்பானத்துக்காகக் குவளையில் குளிர்ந்த தண்ணீரை ஊற்றிக்கொண்டே சொன்னாள்.

"என் பேத்தி விசேஷத்துக்கு நான் பஸ்ஸுல போய் இறங்கணுமா? சீமாட்டி இருக்கும்போது?"

சீமாட்டி என்றால் வண்டி. ஒரு காலத்தில் லாரியாக இருந்து, யாரோ ஒரு தச்சன் மேலே மரவீடு கட்டி, கட்டில், அடுப்பு, பூப்போட்ட திரை எல்லாம் வைத்தது. வாத்தியாருடைய தலைமுடி கறுப்பாக இருந்த காலத்து எஞ்சின். நில்டா அதைச் சீமாட்டி என்று ஒருநாளும் சொன்னதில்லை. "உன் சக்களத்தி" என்பாள்.

அன்று காலை முதல் தடவை நின்றபோது வாத்தியாருக்குப் பயமே இல்லை. உள்ளுக்குள் கொஞ்சம் சந்தோஷம்கூட. ஓய்வு பெற்ற இயற்பியல் வாத்தியாருக்கு விளக்கம் சொல்ல ஆள் கிடைப்பது லேசா?

"சூட்டுல பெட்ரோல் குழாய்க்குள்ளயே ஆவியாயிடுது. ஈரத்துணி சுத்தினா சரியாயிடும்." நில்டாவின் புதுத் துண்டை நனைத்துக் குழாயில் சுற்றினார். கொஞ்ச நேரம் காத்திருந்து சாவியைத் திருப்பினார். எஞ்சின் பிடித்துக்கொண்டது. "பாத்தியா! இயற்பியல்!"

கொஞ்ச தூரம் போனதும் இயற்பியல் இருமியது, விக்கியது, நின்றது.

இரண்டாவது தடவை பழி, எஞ்சினுக்குப் பொறி தருகிற பிளாட்டினம் பாயின்ட்டின் மேல் விழுந்தது. நில்டா நகம் தேய்க்கும் அரத்தை வாங்கிப் பாயின்ட்டைத் தேய்த்தார். எஞ்சின் எழுந்தது. மூன்றாவது தடவை கார்புரேட்டரைக் கழற்றிச் சாப்பாட்டு மேஜையில் பரப்பி, சொந்தப் பல் தேய்க்கும் பிரஷ்ஷாலேயே துலக்கினார். ஒரு சின்ன திருகாணி தெரெரேக் குவளைக்குள் விழுந்தது. நில்டா அதை உறிஞ்சி, துப்பி, அவர் கையில் வைத்தாள். அப்போதும் எஞ்சின் எழுந்தது. என்ன செய்தாலும் எழுந்தது, கொஞ்ச தூரம் போய் நின்றது. சும்மா உட்கார்ந்து பாட்டுப் பாடியிருந்தாலும் எழுந்திருக்கும் என்பது அவருக்கு உறைக்கவே இல்லை.

"டேங்க்கைப் பாத்தியா?" என்றாள் நில்டா.

"காலையிலதானே முழுசா ரொப்பினேன்."

"மூடியைத் தொறந்து ஒரு தடவ பாத்தா கை என்ன தேஞ்சா போயிடும்?"

"எஞ்சினைப் பத்தி எனக்குப் பாடம் எடுக்காதே. எடுத்தவன் நான்."

அந்த மூடியை அவள் முன்னால் அவர் திறக்க மாட்டார். தலையே போனாலும் மாட்டார். காரணம் இருந்தது.

அந்தப் பக்கத்துச் சாலைகளில் கவுச்சித்தோ சாமிக்கு ஊருக்கு ஊர் கோயில் உண்டு. சிவப்புக் கொடியும் சிவப்பு நாடாவுமாகத் தூரத்திலேயே தெரியும். கடந்து போகிற வண்டிகள் ஹாரன் அடித்துவிட்டுத்தான் போகும். அடிக்காவிட்டால் வழியில் ஏதாவது வரும் என்று பயம். வாத்தியார் அடிக்க மாட்டார். "உங்க சாமிக்கு என்ன, காது மந்தமா? சத்தம் போட்டாத்தான் எழுந்திருப்பாரா?" என்று வகுப்பிலேயே கேட்டவர். கோயில் வரும்போதெல்லாம் நில்டா எட்டி, ஸ்டியரிங்கில் அவர் கையைத் தள்ளிவிட்டு ஹாரனை அழுத்துவாள். அவர் முணுமுணுப்பார். கல்யாணமான நாளிலிருந்து நடக்கிற சண்டை அது.

அப்படிப்பட்ட மனுஷன் இன்று காலை பெட்ரோல் போட்ட இடத்தில், நில்டா சீஸ் ரொட்டி வாங்கப் போன சமயம் பார்த்து, சட்டைப்பைக்குள்ளிருந்து அந்தச் சாமியின் சிவப்பு நாடாவை எடுத்தார். பக்கவாட்டுச் சின்னக் கதவுக்குள் இருக்கும் பெட்ரோல் மூடியில் குறுக்கும் நெடுக்கும் சுற்றினார். அவிழ்ந்து தொலைத்துவிட்டால்? மேலே கறுப்பு இன்சுலேஷன் டேப்பையும் இழுத்து ஒட்டினார். சின்னக் கதவைச் சாத்திவிட்டு, திருட்டுப்பூனை மாதிரி வந்து உட்கார்ந்தார்.

ஆகவே நான்காவது தடவை ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றினார்.

அப்போது கோழிக்கூண்டு ஏற்றிய லாரி ஒன்று பின்னால் வந்து நின்றது. ஓட்டிவந்த சிரிலோ என்ற ஆள், தொப்பையைத் தடவியபடி இறங்கினான்.

"என்ன பெரியவரே, சாமிக்கு ஹாரன் அடிக்காம வந்துட்டீங்களா?"

"நான் அடிச்சேன்" என்றாள் நில்டா. "இவர்தான் மூஞ்சியைத் தூக்கி வெச்சிக்கிட்டு வந்தார்."

"கொருசூவுக்கா? நானும் அங்கதான் போறேன். ஒரு ஆளுக்கு எடம் இருக்கு, ஏறிக்கோங்க."

"நீ போய்யா கெழவா" என்றாள் நில்டா. "நான் உன் சக்களத்திக்குக் காவல் இருக்கேன்."

"கொஞ்சம் பொறு. பிளக்கை மட்டும் போட்டுட்டேன்னா..."

"எத்தனை தடவடா பொறுக்கிறது!" நில்டாவின் குரல் உடைந்தது. "போன்ல சிக்னலும் இல்ல. அங்க அந்தப் புள்ள வாசல்லயே நின்னுட்டிருக்கும். அன்னிக்கும் அப்படித்தான் நின்னா. அப்பா இப்ப வந்துடுவார்னு. இதே ரோட்டுல வரவேண்டிய ஆளுக்காக. மறந்துபோச்சா உனக்கு?"

வாத்தியாருக்கு மறக்கவில்லை. லாரியில் ஏறினால் நில்டா தனியாக இந்த வெயிலில். ஏறாவிட்டால் குழந்தை. பார்க்காமல் விட்ட இடம் ஒன்றே ஒன்றுதான் பாக்கி. மானம் போனால் போகட்டும் என்று பிளக்கைத் திருகிப் பூட்டிவிட்டு, பக்கவாட்டுக்குப் போய்ச் சின்னக் கதவைத் திறந்தார். டேப்பைக் கிழித்து நாடாவை விலக்கியதுதான் தாமதம், மூடியின் நடுவில் இருந்த துளை உஸ்ஸென்று காற்றை உள்ளே இழுத்தது. தாகம் எடுத்தவன் குடிப்பதுபோல இழுத்துக்கொண்டே இருந்தது.

மூவரும் நின்று கேட்டார்கள்.

பெட்ரோல் குறையக் குறைய உள்ளே காற்று போக வேண்டும். போகாவிட்டால் பெட்ரோல் இறங்காது. வருஷா வருஷம் தகர டப்பாவில் ஒரே ஒரு ஓட்டை போட்டு, தண்ணீர் ஏன் ஒழுகவில்லை என்று கேட்டு, தெரியாத பிள்ளைகளை பெஞ்சு மேல் ஏற்றி நிற்கவைத்தவர் அவர். எவாரிஸ்தோ, உனக்கு முட்டை மார்க்கடா, ஏறு பெஞ்சு மேல என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டார்.

"இது யார் கட்டினது?" என்றாள் நில்டா.

முந்தின சொந்தக்காரன் என்று சொல்ல வாய் வந்தது. நாடா புத்தம் புதிதாகப் பளபளத்தது.

"நான்தான்."

சிரிலோ தொப்பை குலுங்கச் சிரித்தான். "அடப் பாவி மனுஷா! சாமி பேரைச் சொல்லி வண்டியோட மூச்சையே புடிச்சிட்டீங்களே!" நில்டாவும் சிரித்தாள். வண்டியின் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். "எந்தச் சாமியையும் தெரியாதுன்னு ஊரெல்லாம் பேசிட்டு! எப்பலேர்ந்துய்யா இந்தக் கள்ள பக்தி?"

"ஓமர் போனதுலேர்ந்து" என்றார் வாத்தியார். "ஒவ்வொரு தடவ வண்டி எடுக்கும்போதும். வேற எங்கயாவது கட்டுவேன். இன்னிக்கு ரொம்பப் பயமா இருந்துச்சு, அதான் டேப் வேற போட்டேன்."

நில்டா சிரிப்பதை நிறுத்திவிட்டாள். அவர் சட்டையில் ஒட்டியிருந்த டேப் துண்டை எடுத்துப் போட்டு, "ஏறு, நேரமாச்சு" என்றாள்.

அதற்குப் பிறகு சீமாட்டி ஒரு இடத்திலும் நிற்கவில்லை. சிரிலோ பின்னாலேயே வந்தான். வழியில் கோயில் வந்தபோது வாத்தியாரே ஹாரன் அடித்தார். நில்டா பார்க்காததுபோல் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

அவர்கள் போய்ச் சேர்ந்தபோது மதியம் தாண்டி வெகுநேரமாகியிருந்தது. மண்டபத்துக்குள் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது, ஆட்டம் இல்லை. லுத்மிலா தெருவில் நின்றாள். வெள்ளைக் கவுன், கையில் செருப்பு, முகத்தில் போட்டதெல்லாம் கன்னத்தில் வழிந்திருந்தது. பக்கத்தில் அவள் அம்மா குடை பிடித்துக்கொண்டு நின்றாள்.

வாத்தியார் இறங்கி ஓடினார். "கண்ணு, கார்புரேட்டர்னு நெனச்சேன், ஆனா அது வந்து..."

அவள் விளக்கம் எதையும் கேட்கவில்லை. கறுத்த கையோடு நின்றவரை அப்படியே கட்டிக்கொண்டாள். கவுனில் மசி படும் என்று அவர் கைகளைத் தூக்கினார். அவள் அந்தக் கைகளை இழுத்துத் தன் முதுகில் வைத்துக்கொண்டாள்.

"வால்ட்ஸ் போயிடுச்சா கண்ணு?"

"வால்ட்ஸ் கெடக்கு. நான் வேற நெனச்சிட்டேன் தாத்தா." அவர் சட்டையில் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "தாத்தா, இனிமே பஸ்ஸுல வா."

சீமாட்டியைப் பற்றி யார் ஒரு சொல் குறைத்துச் சொன்னாலும் மணிக்கணக்கில் பதில் சொல்கிறவர்.

"பஸ்ஸுலயே வரேன் கண்ணு" என்றார்.