வெறும் கல்லறைக்கும் பசிக்கும்

ஓ லெவல் பரீட்சையோடு பள்ளிக்கூடத்தை விட்டவள் நான். பழைய கிரேக்கரைப் பற்றி எழுத எனக்கு என்ன தகுதி? பொறுத்துக்கொள்ளுங்கள். ஆனால் சென்ற ஞாயிறு கண்டதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை...

நாங்கள் குடிபெயர்ந்து வந்த வெக்ஸ்போர்ட்டில் எங்கள் பக்கத்து அப்பார்ட்மென்ட் ராணி அக்காவினுடையது. அவருடைய தம்பி, ஊரில் நடந்த போரின் கடைசி மாதங்களில் காணாமல் போனவர். உடல் இல்லை, திதி இல்லை. வீட்டில் படம் மட்டும் இருக்கிறது — மாலை இல்லாமல். யாராவது "மாலையைப் போடுங்கோவன்" என்றால் அன்றோடு அவர்களுடன் பேச்சு நின்றுவிடும்!

லைப்ரரியில் கிடைத்த பாஸில் இருவரும் மியூசியத்துக்குப் போனோம். கிரேக்கப் பகுதியில், கண்ணாடிப் பெட்டிக்குள் ஒல்லியாக ஒரு வெள்ளை ஜாடி.

"உந்த எண்ணெய்ப் போத்தலைப் பாக்கவோ இந்தக் குளிருக்குள்ள என்னை இழுத்துக்கொண்டு வந்தனீ?"

"பொறுங்கோ அக்கா, அந்த மனுசி ஏதோ சொல்லுறா."

மியூசியத்து வழிகாட்டி சொன்னதில் எனக்கு விளங்கியதை அக்காவுக்குத் தமிழில் சொன்னேன். அது கல்லறைக்கு எண்ணெய் கொண்டுபோகும் ஜாடியாம். அதில் வரைந்திருக்கும் படத்தில் ஒரு பெண் கல்லறைத் தூணுக்கு நாடா கட்டுகிறாள். மறுபக்கம் ஈட்டியோடு ஓர் இளைஞன். செத்தவனே அவன்தான்! தன் கல்லறைக்குத் தானே வந்து நிற்கிறான். அவளுக்குத் தெரியவில்லை.



கிரேக்கத் தெய்வங்களுக்குச் சாவில்லை. வீரர்களுக்கு உண்டு. செத்த பிறகுதான் வீரனுக்கு வழிபாடே! மண்ணுக்குள் பாலும் தேனும் வைனும் ஊற்றுவார்களாம். ஊரைக் காப்பானாம், மறந்தால் கோபிப்பானாம். நம்மவர்கள் நடுகல்லுக்குக் கள் படைத்தது வேறென்ன? எங்கோ இருந்த இரண்டு சனம்... ஒரே பயம், ஒரே அன்பு!

"உடம்பு வந்து சேராட்டி?" அக்கா திடீரென்று கேட்டார்.

வழிகாட்டியிடம் கேட்டுச் சொன்னேன். வெறும் கல்லறை கட்டி, பெயர் சொல்லிக் கூப்பிடுவார்களாம். அதற்கும் படையல் உண்டாம்.

அக்கா ஜாடியை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

"அப்ப... செத்துப்போனான் எண்டு ஒருத்தரும் சொல்லாட்டி, அவனுக்கு ஆர் சாப்பாடு குடுக்கிறது?"

வழிகாட்டி அடுத்த பெட்டிக்குப் போனார்; அக்கா அங்கேயே நின்று கேட்டார்.

"இவ்வளவு காலமும் அவன் பசியோடயோ நிண்டவன், பிள்ளை?"



மறுநாள் திங்கள். திங்கட்கிழமைகளில் மீன், இறைச்சி என்று மச்சம் எதுவும் தொடாத அக்கா, புட்டும் மீன் குழம்பும் செய்து தம்பியின் படத்துக்கு முன்னால் வைத்தார். மாலை போடவில்லை.