மெட்ராஸ் பக்கம் தெற்கா?

எங்கள் கும்மிடிப்பூண்டியில் வடக்கு என்று யாரும் சொல்வதில்லை. ஆந்திரா பக்கம் என்போம். தெற்கு என்றால் மெட்ராஸ் பக்கம். கம்பெனி வேலையோடு அஞ்சல் வழியில் புவியியல் படித்தபோது, வரைபடத் தேர்வு திருவள்ளூரில் நடந்தது. வரைபடத்தில் காட்டிய ஏரிக்குப் போய்ச் சேர்ந்தால்தான் மதிப்பெண். வழக்கம்போல வரைபடத்தின் கீழ்விளிம்பை மெட்ராஸ் பக்கம் திருப்பி நடந்தேன். தண்டவாளம்தான் வந்தது.

"இன்னாக்கா, உன் ஏரியில ரயில் ஓடுது?" கூடப் படித்த பெண் சிரித்தாள். "இங்க மெட்ராஸ் கிழக்கால கீதுக்கா!"

"சிரிச்சிக்கினே இரு. ஏரியப் பார்க்காம ஊட்டுக்குப் போக மாட்டேன்."

புறப்பட்ட இடத்துக்கே திரும்பினேன். வலது விளிம்பைக் காலை வெயிலுக்கு நேராக வைத்து, மறுபடி நடந்தேன். ஏரிக்கரை மேல் ஏறித் தண்ணீரைப் பார்த்த பிறகுதான் வந்து சேர்ந்ததைச் சொல்லத் தேர்வு நடத்திய ஆசிரியருக்குப் போன் போட்டேன்.