கல்லாறு கப்பலுக்கு ஒரு கேப்டன்

கிழக்கேகோட்டை அக்ரகாரத்தில் போய் ஸ்ரீகண்டன் வீடு எது என்று கேட்டால், "எந்த ஸ்ரீகண்டன்? இன்ஷூரன்ஸ் ஆபீஸ் கிளார்க்கா?" என்று திருப்பிக் கேட்பார்கள். ரிட்டையர் ஆன பிறகும் மனுஷன் கிளார்க்தான். ஆனால் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் காப்பியைக் குடித்துவிட்டு கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தார் என்றால் கதையே வேறு. அப்போது அவர் 'கரமனை' என்ற விண்கப்பலின் கேப்டன். அவர் உத்தரவில்லாமல் அந்தக் கப்பலில் ஒரு விளக்கு எரியாது.

சிரிக்க வேண்டாம். இது எழுதி ஆடுகிற ஒரு விளையாட்டு. கழக்கூட்டத்து சாஃப்ட்வேர் பிள்ளைகள் சிலர் சேர்ந்து இன்டர்நெட்டில் தொடங்கியது. நட்சத்திரங்களுக்கு நடுவில் சுற்றும் ஒரு படை, அதில் பல கப்பல்கள், கப்பலுக்கெல்லாம் நம்மூர் ஆறுகளின் பெயர். ஆளுக்கொரு பாத்திரம், ஆளுக்கொரு பதவி. ஒருவர் ஒரு வரி எழுத, அடுத்தவர் அதைப் பிடித்துக்கொண்டு மேலே எழுத, கப்பல் நகரும். கேடட்டாகச் சேர்ந்தவர் லெப்டினன்ட் ஆகலாம், கமாண்டர் ஆகலாம். ஆனால் ஒவ்வொரு படிக்கும் அவரவர் கேப்டனின் சிபாரிசு வேண்டும். அது இல்லாமல் தலைகீழாக நின்றாலும் பதவி வராது.

ஸ்ரீகண்டனை இதில் இழுத்துவிட்டவள் அவருடைய ஒரே மகள் மாளவிகா. காலேஜில் படிக்கும்போது வேடிக்கைக்காக அப்பாவின் பெயரையும் சேர்த்தாள். அவருக்கா, பிடித்தால் விடுகிற குணமே கிடையாது. ஒரு ஞாயிறு தவறாமல் வந்து, பொறுப்பாக எழுதி, மகளையே தாண்டிக் கேப்டன் ஆகிவிட்டார். அவள் அதே கப்பலில் 'கமாண்டர் தாரா' என்ற பெயரில் அவருக்கு அடுத்த இடத்தில் இருந்தாள். இருவரும் அப்பாவும் பெண்ணும் என்று மற்றவர்களுக்குத் தெரியாது. தெரிந்தால் சலுகை என்று பேச்சு வருமாம். அவர் வைத்த கட்டுப்பாடு அது.

ஆபீசில் அவருக்குப் பதவி உயர்வு வராமல் இல்லை. வந்தது, பல தடவை. பிரமோஷன் என்றால் கூடவே டிரான்ஸ்ஃபர். காசர்கோடு, கண்ணூர் என்று எங்கேயாவது போக வேண்டும். வீட்டுச் சூழ்நிலை என்று எழுதிக் கொடுத்துவிட்டு அதே நாற்காலியில் உட்கார்ந்துகொள்வார். தன்னிடம் வேலை பழகியவர்களையே பிற்பாடு சார் சார் என்று கூப்பிட்டார். அதில் அவருக்கு வருத்தம் இருந்ததா என்று கேட்டால், இருந்தது. ஆனால் சாயங்காலம் பஸ்ஸிலிருந்து இறங்கி வரும்போது குழந்தை வாசலுக்கு ஓடி வருவாள் அல்லவா, அதை விட்டுவிட்டு எந்த மேனேஜர் நாற்காலியும் வேண்டாம் என்றிருந்தார்.

அந்தக் குழந்தைக்குத்தான் ஒரு நாள் பிரமோஷன் வந்தது. கழக்கூட்டத்துக் கம்பெனி அவளைக் கனடாவுக்கு அனுப்புவதாகச் சொன்னது. ஸ்ரீகண்டன் வேண்டாம் என்றார். நான் இருக்கவில்லையா, மனுஷனுக்கு வீடுதான் முக்கியம் என்றார். "அது உங்க இஷ்டம்ப்பா, இது என் இஷ்டம்" என்றாள் அவள். அதோடு பேச்சு நின்றது. கிளம்பும் நாளன்று டாக்ஸி வாசலில் நிற்க, அவர் பேப்பரை முகத்துக்கு நேரே விரித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"அப்பா, போயிட்டு வரேன்."

அவர் ஒரு பக்கத்தைத் திருப்பினார். நம்மில் யார் வெளியே கிளம்பினாலும், காய்கறி வாங்கக் கிளம்பினாலும்கூட, வீட்டிலிருப்பவர் "போயிட்டு வா" என்று ஒரு வார்த்தை சொல்லி அனுப்புவது வழக்கம். அவள் அதற்காக நின்றாள். டிரைவர் ஹாரன் அடித்தான். இன்னும் கொஞ்சம் நின்று பார்த்துவிட்டுப் போய்விட்டாள். கடல் தாண்டிப் போகிற பெண்ணுக்கு அதைக்கூடச் சொல்லாத அப்பாவை என்னவென்று சொல்வது? கல்நெஞ்சன் என்றுதான் சொல்ல வேண்டும். அவரும் தனக்குத்தானே அதைச் சொல்லிக்கொண்டார், ஆனால் பேப்பருக்குப் பின்னாலிருந்து.

அதற்கப்புறம் அம்மா விஜயத்தோடு மட்டும்தான் அவள் போனில் பேசினாள். அவர் பக்கத்திலேயே உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருப்பார், வாங்கிப் பேச மாட்டார்.

ஆனால் முதல் ஞாயிறே கப்பலில் ஒரு வரி வந்தது. "கமாண்டர் தாரா பணிக்கு வந்திருக்கிறேன், கேப்டன்." அவருக்குக் கண்ணீர் கண்ணை மறைத்தது. "நல்வரவு, கமாண்டர்" என்று எழுதினார். அன்றிலிருந்து அப்பாவும் பெண்ணும் பேசுவதென்றால் அங்கேதான்.

"கமாண்டர், உங்கள் அறையில் வெப்பக் கருவி வேலை செய்கிறதா?" என்று கேட்பார். அங்கே பனி கொட்டுகிறது என்று டிவியில் பார்த்திருப்பார். "செய்கிறது, கேப்டன். கம்பளிக்கும் குறைவில்லை" என்று பதில் வரும். ஒரு தடவை தாராவுக்கு விண்வெளிக் காய்ச்சல் என்று அவள் எழுதினாள். கேப்டன் கப்பல் மருத்துவரைக் கூப்பிட்டு மிளகு ரசம் கொடுக்கச் சொல்லி உத்தரவு போட்டார். கப்பலே சிரித்தது. அவர் சிரிக்கவில்லை. மறுநாள் காய்ச்சல் விட்டுவிட்டதா என்று விஜயத்தைக் கேட்கச் சொன்னார்.

இப்படி ஓடிக்கொண்டிருக்கையில்தான் சிக்கல் வந்தது. கமாண்டருக்கு மேலே கேப்டன். கேப்டன் ஆனால் தனிக் கப்பல். ஒரு கப்பலில் இருப்பவர் இன்னொரு கப்பலில் எழுதக்கூடாது என்பது படையின் சட்டம். தாரா உயர்ந்தால் கரமனையை விட்டுப் போக வேண்டும்.

தாராவுக்குச் சிபாரிசு கேட்டுப் படைத் தலைமையிலிருந்து கடிதம் வந்தபோது ஸ்ரீகண்டன் எழுதினார்: "இன்னும் அனுபவம் தேவை." அடுத்த முறையும் அதே வரி. மற்றவர்களையெல்லாம் தூக்கிவிட்டார். கரமனையின் கேப்டன் கண்டிப்பானவர், ஆனால் நியாயஸ்தர் என்று படை முழுக்கப் பேச்சு. என்ன நியாயமோ! தாரா ஒன்றும் கேட்கவில்லை. "உத்தரவு, கேப்டன்" என்று மட்டும் எழுதினாள்.

பிறகு ஒரு நாள் காலையில் பிஜி கூப்பிட்டாள். கழக்கூட்டத்துப் பெண், படைக்கே தலைவி. எதிர்முனையில் பஸ் இரைச்சல்; ஸ்பீக்கரில் போட்டுக் கேட்டார், அவள் பேசுவது மலையாளம் கலந்த தமிழ்.

"கேப்டன் சார், கல்லாறுன்னு புதுக் கப்பல் ரெடியாச்சு கேட்டோ. தாராவைத்தான் நினைச்சிருக்கேன். சார் இந்தத் தடவையும் எழுதலைன்னா உங்க கப்பல்லேயே இருக்கிற அஜீஷுக்குக் கொடுக்கணும். அவன் பாவம், நல்ல பையன்தான். பட்சே தாரா போல வராது. நான் அவகிட்ட வேற கேப்டன் கீழே மாறிக்கோன்னுகூடச் சொன்னேன். வேண்டாம், எங்க கேப்டன் எழுதினால் போதும்னு சொல்லிட்டா."

"யோசிச்சுச் சொல்றேன்" என்று போனை வைத்தார். புளி கரைத்துக்கொண்டிருந்த விஜயம் அடுக்களையிலிருந்து கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள்.

"ஏன்னா, என்ன எழுதப் போறேள்?"

"அனுபவம் பத்தாதுன்னுதான்."

"யாருக்கு? அவளுக்கா, உங்களுக்கா?"

"நோக்கு இந்த விளையாட்டைப் பத்தி என்ன தெரியும்?"

"விளையாட்டு தெரியாது. உங்களைத் தெரியும். அந்தக் காலத்துல நீங்கோ பிரமோஷன் வேண்டாம்னேள். செரி, அது உங்களோடது, கொழந்தைக்காக விட்டேள். நான் ஒரு வார்த்தை சொன்னதில்லை. இப்போ அவளோடதை எடுத்து வெச்சுண்டு வேண்டாங்கறேளே, இது யாருக்காக?"

அவர் போனை மேஜைமேல் தள்ளி வைத்தார். "அவ போயிட்டான்னா நான் யார்கிட்ட பேசறது விஜயம்?" என்றார். குரல் உடைந்துவிட்டது.

விஜயத்துக்கும் கண் கலங்கியது. ஆனால் விட்டுக்கொடுக்கவில்லை. "அவ போய் எத்தனையோ நாளாச்சு. நீங்கோ இன்னும் அனுப்பவே இல்லை. அதுதான் கேட்டேளா, சங்கடம்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

அன்றைக்கே ஸ்ரீகண்டன் சிபாரிசு எழுதினார். நீளமாக எழுதவில்லை. "கமாண்டர் தாரா தகுதி பெற்று நெடுநாளாகிறது. தாமதம் என்னுடையது."

ஞாயிற்றுக்கிழமை விடைபெறும் சடங்கு. படையில் அதற்கொரு முறை உண்டு. உயர்ந்தவர் மேல்தளத்துக்கு வந்து கப்பலை விட்டு இறங்க அனுமதி கேட்க வேண்டும். கேப்டன் "அனுமதி வழங்கப்பட்டது" என்று எழுத வேண்டும். அதை எழுதினால்தான் பெயர் இங்கிருந்து எடுபட்டுப் புதுக் கப்பலுக்குப் போகும். கரமனையில் எல்லோரும் வந்துவிட்டார்கள். அஜீஷ் வரிசையாகப் பூங்கொத்துப் படம் போட்டான். தாரா ஒவ்வொருவருக்கும் நன்றி சொன்னாள். அப்புறம் அந்த வரி வந்தது.

"கரமனையை விட்டு இறங்க அனுமதி வேண்டுகிறேன், கேப்டன்."

ஸ்ரீகண்டன் "அனுமதி வழங்கப்பட்டது" என்று அடித்தார். அனுப்பவில்லை. விரல் பொத்தான்மேல் நின்றது. கப்பல் முழுக்கக் காத்திருந்தது. "சார், நெட் போச்சோ?" என்று அஜீஷ் கேட்டான். கனடாவில் அப்போது விடிந்துகொண்டிருக்கும். அவளும் அங்கே நின்றுகொண்டுதான் இருப்பாள், அன்றைக்கு வாசலில் நின்ற மாதிரி.

அடித்ததை அழித்தார். வேறு அடித்தார்.

"போயிட்டு வா, மாளு."

அஜீஷ் போட்டிருந்த பூங்கொத்துகளுக்குக் கீழே அந்த வரி நின்றது. பிறகு பதில் வந்தது.

"போயிட்டு வரேன்ப்பா."

பிஜி அதையே அனுமதியாக எடுத்துக்கொண்டாள் போலிருக்கிறது, கமாண்டர் தாரா என்ற பெயர் பட்டியலிலிருந்து போனது. அடுத்த ஞாயிறு அங்கே வேறு பெயர் இருக்கும். ஸ்ரீகண்டன் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்துவிட்டு, சின்னப் பிள்ளை மாதிரி அழுதார். விஜயம் வந்து பின்னால் நின்றாள்.

"சொல்லிட்டேளா?"

"சொல்லிட்டேன்."

"அன்னைக்கே சொல்லியிருக்கலாம்."

"சொல்லியிருக்கலாம்" என்றார் ஸ்ரீகண்டன்.

அவள் கையிலிருந்த போன் அடித்தது. யாரென்று பார்த்துவிட்டு, அதை அவர் கையில் கொடுத்தாள்.