ஓங் மாஸ்டர் குடிக்காத தேநீர்

வெள்ளைக் கொக்குச் சண்டைக்கலையைத் தொடக்கி வைத்தவள் ஒரு பெண். சீனத்து ஃபூஜியன் மாகாணத்தில் அவள் தானியம் காயப்போட்ட முற்றத்துக்கு ஒரு கொக்கு வந்ததாம். ஃபாங் சீநியாங் என்ற அந்தப் பெண் கழியை ஓங்கினாள். கொக்கு தலையைச் சரித்துத் தப்பியது, சிறகால் தட்டிவிட்டது, கடைசியில் கழியையே கொத்தியது. விரட்டப் போனவள் அதனிடமே படித்துக்கொண்டு வீடு திரும்பினாள். கதையோ நிசமோ, இலண்டன் பக்கம் ஹவுன்ஸ்லோவில் விமானச் சாப்பாட்டுத் தட்டுகள் அடுக்கும் அருள்மலருக்கு அதில் துளிச் சந்தேகமும் இல்லை.

அருள்மலர் அந்தத் தேவாலய மண்டபத்துக்குள் முதன்முதலில் போனது இடுப்பு வலிக்கு யோகா பழகத்தான். யோகா வேறு நாள் என்று யாரும் சொல்லவில்லை. உள்ளே வெள்ளைக் கொக்குக் கலை சொல்லிக்கொடுக்கும் ஓங் மாஸ்டர் நின்றார். பினாங்கில் பிறந்து, இலண்டன் ஆஸ்பத்திரிகளில் நர்ஸாக வேலை செய்து ஓய்ந்தவர். தமிழர் நடுவே வளர்ந்ததால் அவளைத் ‘தங்கச்சி’ என்று கூப்பிடுவார். அதற்கு மேல் அவருக்குத் தமிழ் வராது. அவள் போன வேகத்தில் திரும்பியிருக்கலாம். திரும்பவில்லை.

ஒவ்வொரு வகுப்பும் பெயர்களோடு தொடங்கும். சீநியாங்கில் தொடங்கி, குருவுக்குப் பின் குருவாக இறங்கி, கப்பலேறிப் பினாங்குக்கு வந்து, ஓங் மாஸ்டரில் முடியும் பெயர்கள். எல்லோரும் கைகூப்பிச் சொல்வார்கள். அருள்மலரின் பெயர் எங்கே வந்தாலும் இன்னாரின் மகள், இன்னாரின் மனைவி என்றுதான் வரும். அந்த இன்னாரும் இலண்டனின் மறு கோடியில் பார்க்கிங் என்ற ஊரில் வேறொருத்தியோடு குடித்தனம் நடத்தப் போய்விட்டார். பிள்ளையும் இல்லை. ஒரு பெண்ணில் தொடங்கிய அந்த வரிசையின் கடைசியில் தன் பெயர் நிற்க வேண்டும் என்று அவள் ஆசைப்பட்டாள். வேறு ஆசை எதுவும் மிச்சமில்லாதவளின் ஆசை அது.

அதற்கு ஒரு முறை உண்டு. சீடராகப் போகிறவர் முழந்தாளிட்டு இரண்டு கையாலும் தேநீரை நீட்ட வேண்டும். குரு அதைக் குடிக்க வேண்டும். குடித்தால்தான் வாரிசு. அதுவரை எத்தனை வருடம் படித்தாலும் வெறும் மாணவர்தான். வகுப்பு முடிந்ததும் அவள் பிளாஸ்கில் கொண்டுவரும் இஞ்சித் தேநீரை மாஸ்டர் உறிஞ்சி உறிஞ்சிக் குடிப்பார். அது களைப்புக்குக் குடிப்பது, கணக்கில் வராது.

சீடராகிறாயா என்று மாஸ்டரே ஒருநாள் கேட்டார். நாளும் குறித்தார்கள். அந்த நேரம் பார்த்துக் கனடாவில் அவளுடைய பெரியப்பா ஒருவர் செத்துப்போனார். சாவீட்டுத் துடக்கோடு நல்ல காரியம் செய்யலாமா? அருள்மலர் நாளைத் தள்ளிப்போட்டாள். மாஸ்டர் சிரித்துக்கொண்டே சரி என்றார். துடக்குக் கழிவதற்குள் கொரோனா வந்து மண்டபத்தைப் பூட்டியது. திறந்தபோது மாணவர்கள் சிதறிப்போயிருந்தார்கள், அவளுக்கும் ஷிப்ட் மாறியிருந்தது. பிறகு மாஸ்டருக்குப் பக்கவாதம் வந்துவிட்டது. வாழ்நாளில் முகம் கண்டிராத அந்தப் பெரியப்பாவை அவள் திட்டாத திட்டு இல்லை. அதைவிடத் தன்னைத் திட்டினாள்.

ஆஸ்பத்திரிக்கு அவள் பிளாஸ்கோடும் சின்னக் கோப்பையோடும் போனாள். வார்டில் ஜெஸ்ரின் என்ற தமிழ் நர்ஸ் இருந்தாள்.

“அக்கா, வாயால ஒண்டும் குடுக்கேலாது. விழுங்கிற சக்தி போயிட்டுது. ஒரு மிடறு எண்டாலும் நுரையீரலுக்குள்ள இறங்கியிடும்.”

“ஒரு மிடறு காணும் பிள்ளை. எனக்கு வேற வழியில்லை.”

“ஸ்பொஞ்சில நனைச்சு உதட்டைத் துடைச்சு விடுறன். அவ்வளவுதான் ஏலும்.”

“துடைக்கிறது சரிவராது. அவர் குடிக்க வேணும்.”

ஜெஸ்ரின் அவளை ஒரு மாதிரிப் பார்த்தாள். அதற்குள் அடுத்த கட்டிலில் யாரோ கூப்பிட, திரையை இழுத்துவிட்டுப் போனாள்.

அருள்மலர் கோப்பையில் தேநீரை ஊற்றினாள். இடுப்பு வலிக்க வலிக்கக் கட்டிலருகே முழந்தாளிட்டாள். சீநியாங்கில் தொடங்கி எல்லாப் பெயரையும் சொல்லி, ஓங் மாஸ்டரின் பெயரையும் சொல்லி, கோப்பையை நீட்டினாள். மாஸ்டருக்கு விளங்கிவிட்டது. விழுங்க முடியாத நோயாளிக்குத் தேநீர் என்ன செய்யும் என்று நர்ஸாக இருந்த அவருக்குத் தெரியாததா? ஆனாலும் வாயைத் திறந்தார்.

கோப்பை உதட்டில் தொட்டது. இனி அதிக நாள் இருக்கப்போவதில்லை, அவரே கேட்கிறார், திரையும் மூடியிருக்கிறது என்று அவள் மனம் அவசரப்படுத்தியது. கொஞ்சம் சரித்தால் போதும், அவள் பெயர் வரிசையில் ஏறிவிடும். அப்போது அவருடைய தொண்டையைப் பார்த்தாள். அது அசையவே இல்லை.

கோப்பையை எடுத்துவிட்டாள். “என்னால ஏலாது மாஸ்டர்,” என்று தமிழிலேயே சொன்னாள்.

அவர் வாயைத் திறந்தபடியே கொஞ்ச நேரம் காத்திருந்தார். பிறகு மூடிக்கொண்டு முகத்தை யன்னல் பக்கம் திருப்பினார். அது கோபமா, களைப்பா? அவள் அவர் கையைப் பிடித்துக் கெஞ்சிக் கேட்டாள். அவர் திரும்பவில்லை. தேநீரைக் கைகழுவும் தொட்டியில் ஊற்றினாள்.

அந்தக் கிழமையே மாஸ்டர் போய்விட்டார். ஜெஸ்ரின்தான் போனில் சொன்னாள். “நிமோனியா அக்கா. எச்சிலே நெஞ்சுக்குள்ள இறங்கியிட்டுது. ஆரும் ஒண்டும் செய்திருக்கேலாது.”

அருள்மலர் வேலைத்தலத்து உடுப்பு மாற்றும் அறையில் நிலத்தில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள். எதிலிருந்து அவரைக் காக்கத் தன் ஆசையைத் தொட்டியில் ஊற்றினாளோ, அதுவே அவரைக் கொண்டுபோய்விட்டது. கொடுத்திருக்கலாம் என்று மனம் சொன்னது. கொடுத்திருந்தால் நான்தான் கொன்றேன் என்று ஆயுள் முழுக்க நினைத்திருப்பாய் என்றும் அதே மனம் சொன்னது. இரண்டிலும் ஆறுதல் இல்லை.

எரிக்கும் மண்டபத்தில் அவள் கடைசி வரிசையில் இருந்தாள். மான்செஸ்டரிலிருந்து வந்திருந்த மாஸ்டரின் மகன், எல்லோரிடமும் கைகொடுத்துக்கொண்டே வந்து அவள் முன்னால் நின்றான். அப்பாவின் சீடர் நீங்கள்தானா என்று மரியாதையாகக் கேட்டான்.

ஆம் என்று சொன்னால் மறுக்க அங்கே ஒருவரும் இல்லை. அருள்மலர் அவன் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“இல்லை,” என்றாள். “வகுப்பு முடிய அவருக்குத் தேத்தண்ணி குடுக்கிறனான்.”