பிரிசில்லாவின் டக் டக்

பிரிசில்லாவைப் பற்றி எங்கள் அலுவலகத்தில் யாரைக் கேட்டாலும் நல்லவள் என்றுதான் சொல்வார்கள். நானும் அதைத்தான் சொல்கிறேன். சொல்லும் தகுதி எனக்கு இருக்கிறதா என்பது வேறு விஷயம்.

செங்கல்பட்டுக்கு வெளியே ஒரு வனச்சரக அலுவலகம். அதில் நான் எழுத்தர், பெயர் கோபாலகிருஷ்ணன். பிரிசில்லா வயர்லெஸ் ஆபரேட்டர், தினக்கூலி. பதினொரு வருடமாகத் தினக்கூலி. அவளுடைய அப்பாவும் அம்மாவும் சிங்கப்பெருமாள் கோயில் பக்கம் அடுத்தவர் நிலத்தில் நாற்று நட்டவர்கள். அந்த நிலத்தில் இப்போது கார் உதிரிபாகக் கம்பெனி நிற்கிறது. புருஷன் விட்டுப் போன பிறகு இரண்டு பெண்களைத் தனியாக வளர்க்கிறாள். காலை ஏழு மணி ரயிலில் வந்து ஹெட்போனை மாட்டினால் சாயங்காலம் வரை கழற்ற மாட்டாள். பஜ்ஜி வாங்கி வைத்தால் ஒரு கையால் தின்பாள், இன்னொரு கை பேசும் பொத்தானில் இருக்கும்.

மே மாதம் எங்கள் பக்கத்துக் கரட்டுக் குன்றுகளில் புல் காய்ந்து கிடக்கும். குடிக்க வந்தவன் வீசும் ஒரு பீடி போதும். தீக்காவலர்கள் பச்சைக் கிளையை ஒடித்து அடித்தே நெருப்பை அணைப்பார்கள். அவர்களும் தினக்கூலிதான். அவர்களுடைய வாக்கிடாக்கியின் பேட்டரி மதியத்துக்குள் செத்துவிடும். அதற்கு ஒரு வழி கண்டுபிடித்தவள் பிரிசில்லா. சரி, புரிந்தது என்று வாயைத் திறந்து சொல்ல வேண்டாம், பொத்தானை இரண்டு முறை அழுத்தி விட்டால் போதும். மறுமுனையில் டக் டக் என்று கேட்கும். அவளும் அப்படித்தான் பதில் தருவாள், மலையில் இருப்பவர்களும் அப்படித்தான். எந்த விதிப் புத்தகத்திலும் இல்லாத இந்த ஏற்பாட்டில்தான் எங்கள் சரகம் பத்து வருடம் ஓடியது.

ஏப்ரலில் டிஜிட்டல் வாக்கிடாக்கி செட் வந்தது. தேவை இருபத்திரண்டு, வந்தது எட்டு. நிரந்தர ஊழியர்களுக்கு மட்டும் போதுமாக இருந்தது. நெருப்புக்குள் போகிற ஆட்களுக்குப் பழைய செட், ஜீப்பில் உட்கார்கிறவர்களுக்குப் புது செட். எங்கள் அறிவுக்கு அளவே கிடையாது.

பிரிசில்லாவின் மேஜைக்கும் புதுசு ஒன்று வந்தது. அது இரண்டு வகைச் செட்டின் பேச்சையும் கேட்கும். ஆனால் பேசும்போது குமிழைத் திருப்ப வேண்டும், ரேஞ்சரோடு பேச ஒரு பக்கம், தீக்காவலரோடு பேச இன்னொரு பக்கம். திருப்ப மறந்து புதுப் பக்கத்திலேயே பேசினால் பழைய செட்டில் ஒரு சொல்லும் கேட்காது. டர்ர் என்று இரைச்சல்தான் வரும்.

"ஒரு மாசம் சமாளிம்மா, மீதி செட்டும் வந்துடும்" என்றார் ரேஞ்சர் பார்த்தசாரதி. கெட்டவர் இல்லை. கெட்டவராக இருந்தால் திட்டிவிட்டாவது போகலாம்.

தீக்காவலர்களில் மூத்தவர் தேவசகாயம், ஐம்பத்திரண்டு வயது. பிரிசில்லாவைத் தங்கச்சி என்பார். புது செட் வந்த நாலாம் நாள் அறிக்கை கொடுக்க வந்தவர் அவள் மேஜை முன்னால் நின்று சிரித்தார்.

"இன்னா தங்கச்சி, உன் டக் டக்கு இப்பல்லாம் டர்ரு டர்ருனு வருது. தொண்டை கட்டிக்கிச்சா?"

"குமிழத் திருப்ப மறந்துட்டிருப்பேன் அண்ணாத்த. ரெண்டு தபா வந்தா சரின்னு எடுத்துக்கோ."

"டர்ரு டர்ருன்னாலும் சரிதானா?"

"சரிதான், போ."

நான் அடுத்த மேஜையில் இருந்தேன். நானும் சிரித்தேன்.

மே பத்தொன்பதாம் தேதி காலையில் புலிப்பாறைக் கரட்டில் தீ. மேற்குக் காற்று அடித்துக்கொண்டிருந்தவரை அது கிழக்கு அடிவாரத்தில் அடங்கிக் கிடந்தது. உச்சியில் தீ பரவாமல் புல்லை வெட்டித் தடம் போட்டுக்கொண்டிருந்தவர் தேவசகாயம், தனியாக. மதியம் இரண்டரைக்கு மேல் மாமல்லபுரம் பக்கமிருந்து கடல்காற்று எழும்பியது. ஊருக்கெல்லாம் அந்தக் காற்று சுகம். அன்று அது தீயைத் திருப்பிக் கிழக்கு ஓடைக்குள் ஏற்றிவிட்டது.

அடிவாரத்திலிருந்து பார்த்தசாரதி புது செட்டில் சொன்னார். "கிழக்கு ஓடைக்குள்ள தீ ஏறுது. யாரும் அந்த வழியா இறங்கக் கூடாது." பிரிசில்லா குமிழைப் புதுப் பக்கம் வைத்து, சரி சார் என்றாள். அவள் விரலை எடுத்த அடுத்த நொடியே தேவசகாயத்தின் குரல் வந்தது.

"தங்கச்சி, புகை மூட்டமா கீது. கிழக்கு ஓடை வழியா எறங்கிடவா?"

முக்கியமான உத்தரவை இரண்டு முறை, தனித்தனியாக அழுத்திச் சொல்ல வேண்டும் என்று புது செட்டுக்கான பயிற்சியில் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். அவள் அப்படியே செய்தாள்.

"வாணாம்." விரலை எடுத்தாள். மறுபடி அழுத்தினாள். "வாணாம்."

மலையிலிருந்து டக் டக் என்று பதில் வந்தது.

புரிந்துகொண்டார் என்று அவள் நிம்மதியாக மூச்சு விட்டாள். என்னைப் பார்த்து, "டீ சொல்லுங்க சார்" என்றாள். டீ வந்து, குடித்து, கிளாஸைக் கீழே வைக்கும்போதுதான் அவள் கண் குமிழில் விழுந்தது. அது புதுப் பக்கத்திலேயே இருந்தது. மலையில் கேட்டிருப்பது டர்ர், டர்ர், அவ்வளவுதான். அதன் பிறகு அவள் பழைய பக்கம் திருப்பிக் கூப்பிட்டது எத்தனை முறை என்று எனக்குத் தெரியாது. ரேஞ்சர் வந்து அவள் கையைப் பிடித்து எடுக்க வேண்டியிருந்தது.

ஓடையின் பாதியில் கிடந்தார் தேவசகாயம். செட்டின் பிளாஸ்டிக் உருகி உள்ளங்கையோடு ஒட்டியிருந்தது.

விசாரணை நடந்தது. டிஜிட்டலில் போவது எல்லாம் கணினியில் பதிவாகும், பழைய செட்டிலிருந்து வருவது பதிவாகாது. ஆகவே தேவசகாயம் கேட்டது இல்லை, அவருடைய டக் டக் இல்லை. இருந்தது ஒன்றுதான்: பிரிசில்லாவின் குரல், கண்ணாடி போல, வாணாம், வாணாம்.

அவள் எல்லாவற்றையும் ரேஞ்சரிடம் சொன்னாள். குமிழ், டர்ர், தொண்டை கட்டிய கதை, எல்லாம். அவர் கதவைச் சாத்தினார்.

"டக் டக்குன்னு விதியில எங்கம்மா இருக்கு? அத எழுதினா நீதான் கொன்னன்னு ஆகும். உன் புள்ளைங்கள நெனச்சுப் பாரு. போனவர் திரும்பி வரப்போறது இல்ல."

எட்டு செட்டை யாருக்குக் கொடுத்தோம் என்ற கேள்வியும் வரும் என்பதை அவர் சொல்லவில்லை. எனக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும். 'தெளிவான உத்தரவை மீறித் தன்னிச்சையாக இறங்கினார்' என்று தட்டச்சு செய்தவன் நான். பிரிசில்லா சாட்சிக் கையெழுத்துப் போட்டாள். உத்தரவை மீறியவரின் குடும்பத்துக்கு வேலை தர வழியில்லை என்று தேவசகாயத்தின் மனைவி பொன்னியின் மனு ஒரே வாரத்தில் திரும்பி வந்தது.

ஜூலையில் பொன்னி அலுவலகத்துக்கே வந்தாள். வேலை கேட்டு இல்லை. கடைசியாக என்ன பேசினார்கள் என்று கேட்க வேண்டுமாம். பிரிசில்லா கணினியில் பதிவை ஓடவிட்டு ஹெட்போனை அவள் தலையில் மாட்டினாள்.

பொன்னி மூன்று முறை கேட்டாள். கழற்றி மேஜையில் வைத்தாள்.

"இவ்ளோ தெளிவாச் சொல்லிக்கிறியே. நான் சொன்னாதான் கேக்காது அந்த ஆளு. தங்கச்சி சொன்னா நெருப்புலயும் குதிப்பேன்னு வூட்ல சொல்லிக்கினு இருக்கும். கடைசில உன் பேச்சயும் கேக்கல பாரு." முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "எம்மேல பாசம் இருந்தா எறங்கியிருக்குமா? வீம்பு. வீம்பாலதான் செத்துது. அப்டித்தானே?"

பிரிசில்லா என்னைப் பார்த்தாள். நான் கோப்பைப் பிரித்துக் குனிந்துகொண்டேன்.

"ஆமாக்கா" என்றாள் பிரிசில்லா.