மெஷினுக்கு ஒரு குடம்

கல்யாணமாகித் திருவொற்றியூருக்கு வந்த புதிதில் நான் ஒற்றைக் காலில் நின்றுதான் குளித்தேன். ஆறு குடித்தனத்துக்கும் பொதுவாக ஒரே குளியலறை. தகரக் கதவு, தாழ்ப்பாள் கிடையாது. ஒரு காலால் கதவை உதைத்துப் பிடித்துக்கொண்டு, யாராவது தள்ளினால் "ஆள் இருக்கேன், ஆள் இருக்கேன்" என்று கத்த வேண்டும். சோப்பு நுரையில் கால் வழுக்கும், அழுகை முட்டும். தாழ்ப்பாள் போட்ட அறைக்குள் இரண்டு காலையும் ஊன்றி நின்று ஒருமுறை குளிக்க வேண்டும். அந்த வருடம் நான் வேறு எதற்கும் ஆசைப்படவில்லை.

எங்கள் போர்ஷனுக்குப் பின்னால் விறகு போட்டுவைக்கும் மூலை ஒன்று சும்மா கிடந்தது. வேண்டுமானால் குளியலறையாகக் கட்டிக்கொள்ளுங்கள் என்று வீட்டு ஓனர் சொல்லிவிட்டார். கொத்தனார் சுவரை எழுப்பினார், கதவு வந்தது, தாழ்ப்பாளை நானே போய் வாங்கி வந்தேன், இருப்பதிலேயே பெரிதாக. டைல்ஸை மட்டும் தானே ஒட்டுவதாக என் கணவர் சொன்னார். அவர் ஹார்பரில் கிரேன் ஓட்டுகிறவர். கப்பலிலிருந்து கன்டெய்னரையே அலுங்காமல் இறக்குகிறவனுக்கு ஒரு டைல்ஸை வைக்கத் தெரியாதா என்று கேட்டார். அந்தக் கேள்வியில் ஏதோ கோளாறு இருந்தது, ஆனால் எங்கே என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. டைல்ஸ் ஒட்டி முடிக்கும்வரை யாரும் உள்ளே போகக் கூடாதென்று பூட்டு வேறு போட்டுவிட்டார்.

டைல்ஸ் அறுக்கும் கரண்ட் மெஷின் வாங்க வண்ணாரப்பேட்டையில் ஒரு பாய் கடைக்குப் போனோம். பாய் இரண்டு மெஷின்களை எடுத்து வைத்தார். என் கணவர் இரண்டையும் தூக்கிப் பார்த்தார், தட்டிப் பார்த்தார், காதில் வைத்துக்கூடப் பார்த்தார்.

"இது கைல புடிச்சி அறுக்கறது நைனா. தண்ணி கேக்காது, ஆனா தூசி கக்கும். இது மேசை மாதிரி. தொட்டில தண்ணி ஊத்தணும், தூசி வராது, வெட்டு சுத்தமா வுழும்" என்றார் பாய். "உன் வூட்ல எதுக்கு எடம் கீது? தூசிக்கா, தண்ணிக்கா?"

ஏரியெல்லாம் வறண்டு, குழாய் காற்றை மட்டும் ஊதிக்கொண்டிருந்த வருடம் அது. லாரித் தண்ணீர்தான். பெரியவர்களுக்கு ஆளுக்கு இரண்டு குடம், குழந்தைக்கு ஒன்று. தூசிக்குத்தான் இடம் இருக்கிறது என்றேன். ஒத்துவராவிட்டால் மாற்றித் தருவதாகப் பாய் சொன்னார்.

ஞாயிற்றுக்கிழமை என் கணவர் முற்றத்தில் உட்கார்ந்து நாலே நாலு டைல்ஸ்தான் அறுத்தார். பக்கத்துப் போர்ஷன் அக்கா கருவாடு விற்கிறவர். அதே முற்றத்தில் நெத்திலி காயப்போட்டிருந்தார். தூசி அடங்கியபோது நெத்திலியெல்லாம் பவுடர் பூசிக்கொண்டு கல்யாணத்துக்குக் கிளம்பின மாதிரி கிடந்தன.

"இன்னாம்மே இது கலீஜு! கருவாட்டுக்கு நான் உப்பு போட்டா பத்தாதா? உன் வூட்டுக்காரரு சிமிட்டி வேற போடணுமா?" என்று அக்கா குதித்தார். "அந்தத் தண்ணி மெஷினயே வாங்கியா. தண்ணிக்கு நான் பொறுப்பு."

மெஷினை மாற்றப் போனோம். கடல்தான் பக்கத்திலேயே இருக்கிறதே, அதை மொண்டு ஊற்றினால் என்ன என்று என் கணவர் கேட்டார். "உப்புத் தண்ணி பட்டுச்சோ மெஷினு பூடும். அப்புறம் இந்தக் கடப் பக்கம் வராத" என்றார் பாய்.

அடுத்த முறை லாரி வந்தபோது அக்கா ஒரு பச்சைக் குடத்தை எங்கள் குடங்களோடு வரிசையில் வைத்தார்.

"இது யாருது?" என்றார் லாரிக்காரர்.

"மெஷினோடது."

"மெஷினு இன்னா ஆளா?"

"கரண்டு துன்னுது, தண்ணி குடிக்குது, நாளெல்லாம் கத்துது, ஆனா வேலயும் பாக்குது. எங்க வூட்டுக்காரரு அந்த வேலய மட்டும் பாக்கறதில்ல, அவருக்கு ரெண்டு குடம் ஊத்தறியே!"

லாரிக்காரர் கொஞ்சம் யோசித்தார். கடைசியில் மெஷினைக் குழந்தைக் கணக்கில் சேர்த்து ஒரு குடம் ஊற்றினார்.

டைல்ஸ் வேலை ஒருவழியாக முடிந்தது. கடைசி வரிசை மட்டும் கன்டெய்னர் ஏற்றின கப்பல் போல ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது. எனக்கு அது பற்றிக் கவலையில்லை. உள்ளே போனேன், தாழ்ப்பாள் போட்டேன், இரண்டு காலையும் ஊன்றி நின்றேன். அப்போதுதான் உறைத்தது, குளிக்கத் தண்ணீர் இல்லை. குழாய் வற்றியதிலிருந்து ஈரத் துணியால் உடம்பைத் துடைத்துக்கொள்வதோடு சரி, எங்கள் பங்குத் தண்ணீர் சமையலுக்கும் குடிக்கவுமே சரியாகப் போய்க்கொண்டிருந்தது. பளபளவென்ற சுவரைப் பார்த்து எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது.

மறுநாள் லாரி வரும் நேரத்தில் பச்சைக் குடத்தை வரிசையிலிருந்து எடுக்கப் போனேன். அக்கா என் கையைப் பிடித்தார்.

"இன்னா, மெஷினு செத்துப் பூட்ச்சா?"

"வேலை முடிஞ்சிருச்சுக்கா."

"யாரு சொன்னா? மெதுவா பேசு, லாரிக்காரன் காதுல வுழப்போவுது."

அன்றே அக்கா ஏற்பாடு செய்துவிட்டார். மெஷின் குடம் முறை வைத்து ஒவ்வொரு வீட்டுப் பெண்ணுக்கும் போகும். குளியல் என் அறையில், என் தாழ்ப்பாள் போட்டு. முதல் முறை எனக்கு. ஒரு சொம்பு ஊற்றிவிட்டு நின்றேன், இன்னொரு சொம்பு ஊற்றிவிட்டு நின்றேன். யாரும் கதவைத் தள்ளவில்லை. ஆனாலும் பழக்கதோஷத்தில் "ஆள் இருக்கேன்" என்று ஒருமுறை கத்தினேன். வெளியே எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன்.

லாரி தெருமுனையில் திரும்பினதும் என் கணவர் மெஷினை ஓடவிட வேண்டும். அவர் டியூட்டிக்குப் போயிருந்தால் அது அக்காவுடைய வேலை. உடைசல்களை எடுத்து அறுப்பார்கள். அறுத்ததையே மறுபடி அறுத்து, துண்டெல்லாம் தாயக்கட்டை அளவுக்கு வந்துவிட்டது. இப்படியே சில மாதம் ஓடியது.

ஒருநாள் அக்காவின் முறை. குளித்துவிட்டுத் தலையில் துண்டோடு அவர் வெளியே வரவும் லாரி சீக்கிரமே வந்து நிற்கவும் சரியாக இருந்தது. அந்த நேரம் பார்த்துக் கரண்ட் இல்லை, மெஷின் ஓடவில்லை. அக்கா அப்படியே ஓடிப்போய்க் காலியான பச்சைக் குடத்தை வரிசையில் வைத்தார். லாரிக்காரர் குடத்தைப் பார்த்தார். சத்தமில்லாத எங்கள் வீட்டைப் பார்த்தார். அக்காவின் முடியிலிருந்து தண்ணீர் சொட்டுவதையும் பார்த்தார். இனி தாழ்ப்பாள் இருந்தும் குளியல் இல்லை என்று நினைத்துக்கொண்டேன்.

"இன்னாக்கா, மெஷினு குளிச்சிட்டு வந்துச்சா?" என்றார்.

பிறகு ஹோஸை இழுத்து, மற்ற குடங்களையெல்லாம் தாண்டி, பச்சைக் குடத்தில் முதலில் வைத்தார். அது நிரம்பி வழியும்வரை எடுக்கவில்லை.